மகேஸ்வரி அக்காவின் கைச்சாடை

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். பக்கத்து லேபில் ரிசப்ஷன் பார்க்கும் பெண் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "மகேசக்கா போயிட்டாக" என்றாள். "எங்க போயிட்டாக?" என்று கேட்டேன். மாதத்தில் இரண்டு முறையாவது அக்கா லேப் வேலையாகத் தேனிக்கோ மதுரைக்கோ போகிறவர். அந்த நினைப்பில் கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில்தான் விஷயம் புரிந்தது. காலையில் ஓடப் போனவர் சுருளிப்பட்டி சாலையில், திராட்சைத் தோட்டத்து வேலி ஓரமாக விழுந்து கிடந்திருக்கிறார். வாழைத்தார் வெட்டப் போனவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பம் ஊரில் மகேஸ்வரி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரின் ரத்தத்தை எடுத்தவர். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட, "அங்கன பாருங்க, முடிஞ்சுபோச்சு" என்ற குரல்தான் ஞாபகம் இருக்கும். ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தானே நாம். முப்பதாம் நாளுக்கு லேபில் ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டபோது இரண்டு முறை முடியாது என்றேன். காரணம் இருக்கிறது. அன்று காலை அவரைக் கடைசியாகப் பார்த்தது நான். பார்த்தும் விட்டுவிட்டேன். அதை அவர் கணவரிடம் சொல்லக் கருமாதி முடியும் வரை எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னபோதும் முழுதாகச் சொல்லவில்லை.

எங்கள் ஓட்டம் சர்க்கரையில் ஆரம்பித்தது. ஊரார் விரலையெல்லாம் குத்திய அக்காவுக்குத் தன் விரலைக் குத்திப் பார்க்க நாற்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டை என் மருந்துக்கடைக்குக் கொண்டுவந்து, பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இந்தாளுக்கு என்ன மாத்திர குடுப்ப?" என்று கேட்டார். "இந்தாளு மொதல்ல நடக்கணும்" என்றேன்.

"நடந்தா பத்தாது, இந்தாளு ஓடப்போகுது. நீயும் வா. உனக்கு ரிப்போர்ட்டே வேணாம், சேல சுத்துப் பத்தாம கட்டியிருக்கிறதப் பாத்தாலே தெரியுது" என்றார். அதுவரை நாங்கள் இருவரும் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர்கள் இல்லை.

சுருளிப்பட்டி சாலை முனையில் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் ஜிம் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். சாலையைப் பார்த்த கண்ணாடி ஜன்னலை ஒட்டி இரண்டு டிரெட்மில். எனக்கு அது முதல் நாளே பிடித்துப்போனது. மருந்துக்கடைக்காரிக்கு அளவுதான் சாமி. எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்று எல்லாம் கண்ணெதிரே எண்ணில் தெரிகிறது. நாயில்லை, பள்ளமில்லை, ஆடி மாதத்துக் காற்றில்லை. மேல்சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு சிவப்புக் கயிறும் உண்டு; ஓடுகிறவள் சறுக்கினால் கயிறு பிடுங்கிக்கொண்டு மெஷின் தானாக நின்றுவிடும். அக்காவுக்கோ அது ஒட்டவே இல்லை. இறங்கியதும் தரை நகர்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அது ஓடுது, நான் தப்பிச்சுக்கிட்டு இருக்கேன். இதுக்குப் பேரு ஓட்டமா?" என்பார். ஆறு வாரம் பொறுத்தார். ஒரு நாள் பக்கத்து மெஷின் காலியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், அக்கா கீழே சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓயாத வழக்கு. புதிதாக ஓடுகிறவர்களுக்கு மெஷின்தான் நல்லது என்பது என் கட்சி. அது வேகத்தைப் பிடித்து வைக்கும். சாலையில் இறங்குகிறவர்கள் முதல் நூறடியை வீராப்பாக ஓடி, அடுத்த நூறடியில் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார்கள். அக்காவும் அப்படித்தான் நின்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. அதற்காக ஆளில்லாத சாலையில், "ராத்திரி சாப்புட்டதோட நிறுத்திக்கங்க, காலையில வெறும் வயித்தோட வாங்க" என்று லேபுக்கு வருகிறவர்களிடம் சொல்வதை உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடுவார். தடங்கல் இல்லாமல் வந்தால் ஓட்டம், திக்கினால் நடை. என் வாதத்துக்கு அவர் சொன்ன பதில் இது: "மெஷின்ல முடியலைன்னா எறங்கிருவ. ரோட்டுல முடியலைன்னாலும் வீடு வந்து சேரணும்ல? அந்தத் திரும்பி வர்றதுதான் ஒடம்புக்கு மருந்து." அப்போது எனக்குப் பதில் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிற பதிலை எழுத மனம் வரவில்லை.

அவர் பிடிவாதக்காரர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். ஐப்பசி மழையில் சாலை சேறானபோது முணுமுணுக்காமல் மெஷினுக்குத் திரும்பினார். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களிடம், "மொதல்ல இங்கன மூச்சப் பழகுங்க. அப்பறம் ரோட்டுல காலப் பழகலாம்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மழை விட்ட மறுநாளே ஆள் சாலையில்.

சாலையில் அவருக்கு வந்த தொந்தரவு நாயும் இல்லை, பள்ளமும் இல்லை. நம் பக்கத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. முதல் நாளே, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் பிரேக் போட்டு நின்றது. உள்ளே இருந்த பெண்கள், "ஏறுக்கா, ஏறு, யாருக்கு என்ன?" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பால்காரர் வண்டியை நிறுத்தினார். மூச்சு வாங்கியதில் அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அதை அவர் அழுகை என்று எடுத்துக்கொண்டு, கேன்களைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு, அக்காவைப் பின்னால் உட்காரவைத்து நேராக அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டார். வார்டு வரைக்கும் துணைக்கு வருகிறேன் என்று நின்ற மனிதரிடம், உடம்பு இளைக்க ஓடினேன் என்று சொல்ல அக்காவுக்கு வெட்கம். "எங்க சித்தப்பாவுக்கு இப்பப் பரவாயில்லையாம்ணே" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடந்தே வீடு திரும்பினார். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர் மாத்திரை வாங்காமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாடையை வைத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் கேட்டால் வலது கையை உயரத் தூக்கி, விரித்த உள்ளங்கையை இரண்டு தடவை அசைப்பார். ஒண்ணுமில்ல, போங்க என்று அர்த்தம். மூச்சைச் செலவழிக்காத பதில். ஒரு மாதத்தில் அந்தச் சாலை முழுக்க அதைப் படித்துக்கொண்டது. ஜீப்பில் போகிற பெண்கள் பதிலுக்குக் கை அசைத்தார்கள். பால்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். ஜன்னலுக்குக் கீழே வரும்போது அக்கா என்னைப் பார்த்தும் கை தூக்குவார். நானும் மெஷின் மேல் ஓடியபடியே தூக்குவேன்.

ஒரே ஒரு நாள் அவர் தொல்லை தாங்காமல் நானும் சாலையில் இறங்கினேன். டீக்கடையில் இருந்த ஒருவர், "ரெண்டாவது ஆளும் கெளம்பிருச்சுப்பா" என்றார். எனக்குக் காது வரை சுட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "வேடிக்க பாக்குறவுக நாலு நாளைக்குப் பாப்பாக. அஞ்சாம் நாளு பழகிப்போகும், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக" என்றார். நான் இரண்டாம் நாளே போகவில்லை.

ஓடுவதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "நம்ம லேப்புக்கு அடுத்த ரூம்லதான இருக்கு, அது ஓடியா போயிரும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மருந்து படித்தவள் நான், கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும்.

அன்று காலை அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் என் ஜன்னலைப் பார்த்து இருந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. வலது கையைத் தூக்கினார். அசைத்தாரா என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். அசைக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். அந்த நேரம் ஒரு ஜீப் அவரைக் கடந்தது. உள்ளே இருந்து நாலைந்து கைகள் வெளியே நீண்டு அசைந்தன. அடுத்து நான் பார்த்தபோது கம்பத்தருகே அவர் இல்லை. உட்கார இடம் தேடி, ஜன்னலிலிருந்து தெரியாத வேலிப் பக்கம் போயிருக்கிறார். யாரென்றே தெரியாத பெண்ணுக்காக நின்ற சாலை, தெரிந்தவரான பிறகு நிற்கவில்லை. அந்தச் சாலையில் போனவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் கணவர் ராஜேந்திரன் அண்ணனை வீட்டில் பார்க்கப் போனேன். பஜாரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் கேட்டார்.

"அவ கையத் தூக்குனப்ப நீங்க என்ன செஞ்சீக?"

"நானும் தூக்குனேன்ணே."

"சிரிச்சீகளா?"

"சிரிச்சேன்."

ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "ரோட்டுல ஒருத்தருமில்லாம அநாதையாப் போயிட்டாளேன்னு வெந்துக்கிட்டு இருந்தேன். தெரிஞ்ச மொகம், சிரிச்ச மொகம் ஒண்ணப் பாத்துட்டுத்தான் போயிருக்கா. இத முந்தியே சொல்லியிருக்கலாம்ல ஆத்தா" என்றார். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, அவளிடமும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஆரம்ப நாட்களுக்குப் பிறகு, மூச்சு முட்டினால் நடப்பாரே தவிர, அக்கா ஒரு நாளும் நின்றதில்லை. கம்பத்தைப் பிடித்து நின்றபோது எனக்கு அது தோன்றியது. இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. மெஷினைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிடம் என்று காட்டியது. முடித்துவிட்டுப் போவோம் என்று ஓடினேன். முழுதாக ஓடி முடித்து, முகத்தைத் துடைத்து, மெஷினையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குள் எனக்கே அது மறந்துபோய், ஊர்ப்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த மலரில் மற்றவர்கள் அக்காவின் சிரிப்பையும், குத்துவது தெரியாமல் ரத்தம் எடுக்கும் கையையும் எழுதுவார்கள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பதினொரு நிமிடம்தான். ராஜேந்திரன் அண்ணன் இதை ஒரு வரி விடாமல் படிப்பார், மகளுக்கும் படித்துக் காட்டுவார் என்று எனக்குத் தெரியும். அண்ணே, இதையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.