தாடை வலிக்குப் பிடுங்கிய பல்

பல் டாக்டராக முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாக கிளினிக் திறக்கும் பிள்ளைகள் என்னிடம் எந்த சேர் நல்லது, எந்த எக்ஸ்ரே மிஷின் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். மாடிப்படியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பாலக்கோட்டில் என் கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு படி. அந்தப் படியில் நடந்ததை நான் கவனிக்காமல் விட்டதால் ஓர் உயிர் போக இருந்தது.

டோக்கன் பதினான்கு

மாதம்மாள் தக்காளி மண்டியில் காய் தரம் பிரிப்பவர். ஐம்பத்தைந்து வயது. இடது கீழ்த்தாடையில் வலி என்று வந்தார். அன்று கூட்டம். அவர் முறை வர முக்கால் மணி நேரம் ஆனது.

"எந்தப் பல்லும்மா?"

"இங்கதாங்க, தாடையெல்லாம் இழுத்துப் புடிக்குதுங்க. ஆனா இப்ப இல்லீங்க டாக்டரம்மா."

எனக்கு எரிச்சல் வந்தது. இந்த 'இப்ப இல்லீங்க' எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற பாட்டு. ஒரு வாரம் துடித்தவர்கூட டிரில் சத்தம் கேட்டதும் வலி போய்விட்டது என்பார். எல்லாம் பயம்தான். இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

"சேரைப் பாத்ததும் வலி ஓடிப்போச்சாக்கும்?"

"பயமெல்லாம் இல்லீங்க. பெட்டி தூக்கறப்ப வருது. எறக்கி வச்சுட்டு செத்த குந்துனா போயிடுது."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படிச் சொல்வார்? நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை தெரிந்தது. பாரம் தூக்கும்போது பல்லைக் கடிப்பார், அதனால் வலிக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்றேன். "அதுக்கெல்லாம் நாலு தடவ வரமுடியாதுங்க, புடுங்கிடுங்க" என்றார். பிடுங்கினேன்.

டோக்கன் ஒன்பது

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். உட்காரும்போதே சண்டை.

"தப்பான பல்லப் புடுங்கிட்டீங்க டாக்டரம்மா. வலி அப்பிடியேதான் கீது. பக்கத்துப் பல்லயும் புடுங்கி உடுங்க."

பல் பல்லாகத் தட்டிப் பார்த்தேன். ஐஸ் வைத்துப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றுமே இல்லை.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்லீங்க."

"அப்புறம் எப்பத்தாம்மா வலிக்கும்? நான் பாக்காதப்ப மட்டும் வலிக்குமா?"

"படி ஏறி வர்றப்ப வலிச்சுதுங்க. வேணும்னா டோக்கன் குடுக்கறவங்களக் கேளுங்க."

பதினைந்து வருடமாக என் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் ரேவதி எட்டிப் பார்த்து, "ஆமாங்க மேடம், தாடையப் புடிச்சுக்கிட்டுத்தான் மேல வந்தாங்க. போன தடவையும் அப்பிடித்தான்" என்றாள். அவளையும் முறைத்தேன். நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன் என்று கத்தி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பல்லைப் பிடுங்காமல் விட்டதே நான் செய்த ஒரே நல்ல காரியம்.

டோக்கன் இல்லாமல்

பத்து நாள் கழித்து, மார்கழிக் குளிரில் ஒரு காலை, கரண்ட் போய்விட்டது. டிரில்லுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் ஓடாமல் எந்த வேலையும் நடக்காது. ஸ்வெட்டரோடு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றேன். கீழே மாதம்மாள் ஏற ஆரம்பித்தார்.

ஏழாவது படியில் நின்றார். கை தாடைக்குப் போனது. பன்னிரண்டில் மறுபடி நின்றார். மேலே வந்தபோது அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. பேச முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"போயிடுச்சுங்க" என்றார்.

ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலி பல் வலி அல்ல. இதயத்துக்கு ரத்தம் போதாவிட்டால் நெஞ்சு வலிக்காமலே தாடையிலோ தோளிலோ முதுகிலோ வலிக்கலாம். பெண்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் அது இப்படி ஏமாற்றுவது உண்டு. காலேஜில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான்! இவரை இரண்டு முறையும் காத்திருப்பு பெஞ்சில் உட்கார வைத்து, வலி போன பிறகுதான் உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்.

"முன்ன பெட்டி தூக்குனாத்தானே வந்துச்சு?"

"இப்பல்லாம் சும்மா நடந்தாலே வருதுங்க. நேத்து குளிக்கறப்பவே வந்துச்சு."

"சுகர் இருக்கா?"

"கீதுங்க. பல்லுக்கும் சுகருக்கும் என்னாங்க?"

இது இதய வலியாக இருக்கலாம், எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். "நெஞ்சே வலிக்கலீங்களே! பல்லு வலின்னு வந்தவள எங்கியோ அனுப்பறீங்களே" என்று மாதம்மாள் பிடிவாதம் பிடித்தார். ரேவதி போன் செய்ததும், மினி லாரி ஓட்டும் அவர் மகன் சக்திவேல் ஓடி வந்தார்.

"ஏங்க மேடம், தப்பான பல்லப் புடுங்கிட்டு இப்ப நெஞ்சுன்னு கதை உடறீங்களா?"

அதில் பாதி உண்மை.

"ஆமாப்பா, என் தப்புதான். திட்டறத அப்புறமா திட்டு. இப்ப அம்மாவப் படி எறங்க உடாத."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மகனும் ஆம்புலன்ஸ்காரரும் இறக்கினார்கள். "கல்யாணப் பொண்ணாட்டம் தூக்கிக்கினு போறீங்களே, மண்டியில பாத்தா சிரிப்பாங்க" என்று வழியெல்லாம் முனகல்.

மதியம் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து சக்திவேல் போன் செய்தார். "ஈசிஜி நார்மலாங்க மேடம். அம்மா வூட்டுக்குப் போலாம்னு செருப்பத் தேடுது."

"வலி இல்லாம படுத்திருக்கறப்ப எடுத்தா நார்மலா வரலாம்ப்பா! செருப்பப் புடுங்கி வை. டாக்டர்கிட்ட போனைக் குடு."

அந்த டாக்டரிடம் ஏழாவது படி, பன்னிரண்டாவது படி, வியர்வை, குளியல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "இத அவங்க சொல்லவே இல்லீங்க மேடம். பல் வலின்னு மட்டும்தான் சொன்னாங்க. நான் வீட்டுக்கு விட மாட்டேன்" என்றார். இரண்டு நாளில் ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள்.

இப்போது ரேவதிக்கு ஒரு கண்டிப்பான உத்தரவு. ஆள் படியேறி வந்ததும், உட்காரும் முன்பே வலி இருக்கிறதா என்று கேட்டு டோக்கனில் எழுத வேண்டும். பிள்ளைகளே, நீங்களும் பல்லைத் தட்டும் முன் கேளுங்கள்: என்ன செய்தால் வலி வருகிறது, எப்போது போகிறது? நோயாளி பதில் சொல்லும்போது தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.

பல மாதம் கழித்து, இதய டாக்டரின் சம்மதச் சீட்டோடு மாதம்மாள் வந்தார். நான் உச்சியில் நின்று பார்த்தேன். இருபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினார். வந்ததும், "என் பல்லுக்கு என்னா பதிலுங்க?" என்றார். பல் கட்டிக் கொடுத்தேன்.

மாட்டிவிட்டு, "வலிக்குதா?" என்றேன்.

"இப்ப இல்லீங்க."

"படி ஏறி வர்றப்ப?"

"அப்பவும் இல்லீங்க" என்று புதுப் பல் தெரியச் சிரித்தார்.