ஏழாவது சுமங்கலி

வளர்மதிக்கு அன்று காலையில்தான் கோபம் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நாலு வருஷக் கோபம். அன்று அதன் கைக்கு ஓர் உலக்கை கிடைத்தது, அவ்வளவுதான்.

அவள் பொன்னேரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்க்காரி. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துத் தீனாவைப் பார்த்தாள், பிடித்துப்போனது, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவள் வீட்டில் ஒரு வருஷம் முகம் திருப்பினார்கள். பேத்தி பிறந்ததும் அரிசி மூட்டையோடு வந்து இறங்கிவிட்டார்கள். இறங்கி வராதது தீனாவின் ஊர்தான்.

அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. ஊர் நோட்டில் பேர் ஏறினால்தான் வருஷாந்திரச் சீட்டுக் குலுக்கலில் பேர் விழும்.

"ஊரக் கூட்டித் தாலி கட்டல. அது ஒரு கல்யாணமா?" என்று ஊர்த் தலைவர் சிங்காரம் ஒரே வரியில் முடித்துவிட்டார். தீனா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனான். திரும்ப ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்காக அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மூன்று வயது லோகநாயகி பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டும்வரை ஹாரனை விடமாட்டாள். ஞாயிறு சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போய், கும்மிடிப்பூண்டி ரயிலுக்குக் கையாட்டிவிட்டு, ஆளுக்கொரு பொட்டலம் வேர்க்கடலையோடு திரும்புவார்கள். சில நாள் தீனா லுங்கி மடிப்பில் ஒரு கை இறால் கொண்டுவருவான். "நைனா, பெருசு எனக்கு!" என்று குழந்தை தட்டை நீட்டும். பெரியதாக நாலுதான் இருக்கும். அது யார் பாடு நாளில் பிடித்த நாலு என்பது நினைவுக்கு வந்தால் வளர்மதிக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷக் குலுக்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிங்காரத்தின் மகளுக்குக் கல்யாண வேலை தொடங்கியது. அவர் மனைவி தேவகி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"வளரு, சட்டுனு பொடவ மாத்திக்கினு வா. மஞ்சள் இடிக்கணும். ஏழு சுமங்கலி வேணும், ஒரு ஆளு கொறயுது."

"நானா அத்தே?"

"கலைவாணி இன்னிக்குத் தூரமாயிட்டா. மேலத் தெருவுல பங்காளிச் சாவுத் தீட்டு. மத்தவளுங்க மீன் விக்கப் போயிட்டாளுங்க. பத்தரைக்குள்ள இடிக்கணும், வா."

"என்ன சேத்துக்கலாமா?"

"கழுத்துல தாலி கீதுல்ல? அப்புறம் இன்னா?"

வளர்மதி புடவை மாற்றிக்கொண்டு போனாள். பந்தலில் உரல், விரலி மஞ்சள், உலக்கையைச் சுற்றி ஆறு பெண்கள். ஏழாவதாக அவள் கை வைத்தாள். தேவகி விரல் விட்டு எண்ணி, "ஏழு. இடிங்க" என்றாள்.

வளர்மதி கையை எடுத்துவிட்டாள்.

"மாமா," என்று பந்தல் காலோடு நின்ற சிங்காரத்தைக் கூப்பிட்டாள். "நான் யாரு?"

"இது இன்னாம்மா கேள்வி? தீனா பொண்டாட்டி."

"ஊர் நோட்டுல அப்படி இல்லியே. அதுல தீனாவுக்குக் கல்யாணமே ஆகல. கல்யாணம் ஆகாதவ மஞ்சள் இடிச்சா உங்க பொண்ணுக்கு ஆகுமா?"

பந்தலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிங்காரம் முகம் கறுத்தது.

"நாத்து நட்ட ஊர்லேந்து வந்துட்டு எங்க மொறய எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

"மொற உங்களுது, நீங்களே வெச்சுக்கோங்க. எண்ணிக்கை ஒண்ணா இருக்கட்டும். மஞ்சளுக்கு எண்ணினா ஏரிப் பாட்டுக்கும் எண்ணுங்க."

"கல்யாணம் முடியட்டும், பேசுவோம்."

"நாலு வருஷமா பேசிட்டுதான் கீறீங்க."

வாழை மரம் கட்டிக்கொண்டிருந்த தீனா கயிற்றை விட்டுவிட்டு வந்தான். "வளரு, வுடு. நல்ல நாளும் அதுவுமா..."

"நீ போய் வாழமரம் கட்டு," என்றாள் அவனைப் பார்க்காமலே.

மணி பத்தைத் தாண்டியது. தேவகி புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், நேரம் போவுது. உன் வீம்புக்கு எம் பொண்ணு கல்யாணமா கெடச்சுது? எழுதித் தொலயேன்!"

நோட்டு எழுதுகிற தருமலிங்கம் கோயிலிலிருந்து நோட்டோடு வந்தார். தீனா பேரை எழுதினார். கல்யாணத் தேதி என்ற இடத்தில் பேனா நின்றது.

"இன்னிக்குத் தேதி போடு," என்றார் சிங்காரம்.

வளர்மதி நோட்டின் மேல் கையை வைத்தாள். "எம் பொண்ணுக்கு மூணு வயசு. இன்னிக்குத்தான் கல்யாணம்னா அவ யாரு? பொன்னேரி ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட தேதியப் போடுங்க."

தருமலிங்கம் தலைவரைப் பார்த்தார். தலைவர் பந்தல் கூரையைப் பார்த்தார். தருமலிங்கம் அவள் சொன்ன தேதியை எழுதினார்.

அப்புறம் அவள் இடித்தாள். கூட இருந்த ஆறு பேரும் உலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். "மெல்லம்மா, உரலு ஒடஞ்சுரப் போவுது," என்றாள் தேவகி. மஞ்சள் வளர்மதியின் முழங்கை வரை ஏறியது.

வெளியே தீனா மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் பல். "பேரு ஏறிடுச்சாமே வளரு!"

"அதுவா ஏறல. நான் ஏத்துனேன்."

"அதான் சொல்றேன், நீ கெட்டிக்காரி..."

"அஞ்சு நிமிஷ வேல. நாலு வருஷமா ஊரான் வலைய இழுத்தியே, ஒரு நாளு வாயத் தொறந்து கேட்டியா? இன்னிக்கும் என்னத்தான வுடச் சொன்ன?"

அவன் சிரிப்பு இறங்கியது.

"குலுக்கல் அன்னிக்குப் பொம்பளைங்க வரக் கூடாதாம். உம் பேரக் கூப்டலனா நீதான் கேக்கணும். சத்தமாக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"காதுல வுழல."

"கேக்கறேன்!" என்று அவன் கத்தினான். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்டிதான்," என்றாள் வளர்மதி. குழந்தையை அவன் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.