தெரியாததெல்லாம் ஓய்வு

நீச்சல்காரர்கள் கையில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை மலேசியாவில், ரவாங்கில் ஒரு சின்னக் கம்பெனியில் செய்கிறோம். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். எத்தனை கைவீச்சு, எத்தனை சுற்று, எந்த இடத்தில் வேகம் விழுந்தது என்றெல்லாம் சொல்லும். கையசைவைப் படிக்கும் நிரல் என்னுடையது. அதில் ஒரு வரி இருந்தது. தெரிந்த வீச்சு எதனோடும் பொருந்தாத அசைவு வந்தால் அதை ‘ஓய்வு’ என்று குறித்துக்கொள். அந்த வரியை ஐந்து நிமிடத்தில் எழுதினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சோதித்துப் பார்க்க நீந்துகிறவர்கள் வேண்டும். கோல சிலாங்கூரில் ஒரு பயிற்சியாளரிடம் ஆறு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஆறு பேர் கையிலும் கருவியைக் கட்டினேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு அறிக்கை தருவதாகப் பேச்சு. ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் போடுங்கள் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். கண்ணால் பார்க்கிற ஆளுக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று இருக்கும், கருவிக்கு அது கிடையாது என்றேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தியை அவர் மாநிலப் பயிற்சி முகாமுக்கு அனுப்ப வேண்டும். ஒரே இடம். அது யாருக்கு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஈஜோக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது வயது. அப்பா இல்லை. அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். முகாமுக்குப் பத்தொன்பதுதான் கடைசி வயது. இந்த வருடம் விட்டால் அவளுக்கு வேறு வருடம் கிடையாது.

தைப்பூசத்துக்கு அவள் விரதம் எடுத்தாள். கோயிலில் காப்புக் கட்டினார்கள். பெண் என்பதால் இடது கை. கருவியும் இடது கையில்தான் இருந்தது. ஈரத்தில் மஞ்சள் கயிறு ஊறிப் பட்டைக்கு அடியில் அழுத்த, தோல் சிவந்துவிட்டது. காப்பை அவிழ்க்க முடியாது. கருவியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் அதைப் பார்த்தேன். குளத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், நன்றாகப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் காப்புக் கட்டுகிறவர்கள் உண்டு, நானே கட்டியிருக்கிறேன். கம்பெனியில் மற்ற மூன்று பேரும் சீனர்கள், அவர்களுக்கு இது தெரியாது என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாக்கு இல்லை. நிரல் இடது கைக்கு எழுதியது. வலது கையில் கட்டினால் கையின் திருகல் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக வரும். கருவியில் கையை மாற்றி வைக்க ஒரு பொத்தான் உண்டு. எழுந்துபோய் அமுக்கியிருந்தால் தீர்ந்தது.

அன்று இன்னொரு பெண் அவளைச் சீண்டியதுதான் என் காதில் விழுந்தது.

“ஏய் சாமி, வெறும் தயிர் சோத்த தின்னுட்டு எப்படிடி இந்த ஓட்டம் ஓடுற?”

“நீ கோழி தின்னுட்டும் எம் பின்னாலதான வர்ற. வாய மூடிக்கிட்டு நீஞ்சு லா.”

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அவள் முன்னால் போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அறிக்கையைக் கொடுத்தேன். மற்ற ஐந்து பேரின் வரிசையும் ஒழுங்காக இருந்தது. அவளுடையதில் பாதிக்கு மேல் ஓய்வு, ஓய்வு, ஓய்வு. மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“என்னாமா இது, பாதி நேரம் நின்னுருக்கா?”

“அப்படித்தான் காட்டுது மாஸ்டர்.”

“நான் பாக்குறப்ப நல்லாத்தான போறா? நான் அந்தப் பக்கம் திரும்புனதும் நின்னுக்குறாளோ என்னமோ.”

முகாமுக்கு வேறு பெண்ணின் பெயர் போனது. அன்று மாலை ஈஜோக் பெண் மோட்டார் நிறுத்தும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் நிக்கவே இல்லக்கா.”

“மிஷின் பொய் சொல்லாதும்மா.”

இதை நான் சொன்னேன். வேறு யாரோ சொன்னதாக எழுதலாம் என்று ஒருமுறை நினைத்தேன். இல்லை, நான்தான்.

அடுத்த வாரம் ரவாங்கில், வேறு எதற்கோ அவளுடைய மூலப் பதிவைத் திறந்தேன். நிரல் படிப்பதற்கு முன்னால் கருவி பிடித்து வைக்கும் அலைகள் அவை. ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. எல்லாம் தலைகீழ். கையை மாற்றி ஓட்டினேன். ஓய்வு என்று ஒன்று கூட வரவில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பிய இடத்தில் கூட அவள் மூச்சு வாங்க நிற்கவில்லை.

ஒன்றும் தோன்றவில்லை. போய்க் காப்பி கலக்கினேன். குடித்தேன். திரும்ப வந்து மறுபடி ஓட்டினேன். அதேதான்.

மாஸ்டரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

“ஸ்டாப்வாட்ச்ச தூக்கிப் போடுன்னு நீதானமா சொன்ன? இப்ப என்னா செய்யச் சொல்ற? மிஷின் தப்புன்னு லெட்டர் குடு, அனுப்பிப் பாக்குறேன்.”

முதலாளி கடிதம் வேண்டாம் என்றார். கருவியை வாங்குகிறவர்கள் வந்து பார்க்கப் போகிற சமயத்தில் இப்படி ஒரு காகிதம் வெளியே போகக் கூடாது என்றார். தப்பு கருவியில் இல்லை, கட்டிக்கொண்டவளிடம் என்றும் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சாதாரணமாக வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தாலே சண்டைக்குப் போகிறவள் நான். அன்று வரவில்லை. இருக்கைக்குப் போய், கம்பெனித் தாளில் இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு மாஸ்டரிடம் கொடுத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, முகாம் தொடங்கிவிட்டது. இரண்டு வரி.

அதைச் சொல்ல ஈஜோக் போனேன். அவளோடு அவள் அம்மாவும் வீட்டில் இருந்தார். மடிக்கணினியில் அந்த அலைகளைத் திறந்து வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கயிறு, கை, நான் எழுதிய அந்த வரி. அம்மா முழுவதும் கேட்டார்.

“எங்க தோட்டத்துல வேல வாங்குற மண்டோரு இருக்காரே, மோசமான ஆளு. அந்தாளு கூட ஒருத்தி குனிஞ்சிருந்தா கிட்ட வந்து பாப்பாரு, பழம் பொறுக்குறாளா சும்மா இருக்காளான்னு. அப்புறம்தான் எழுதுவாரு. நீ நாற்காலி போட்டுக்கிட்டு அங்கயேதானமா இருந்த?”

“ஆமா ஆண்ட்டி.”

அந்தப் பெண் என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அலைகளை ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள்.

“இதுல நான் எங்கயுமே நிக்கலயா?”

“நிக்கல.”

“எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா. தெரியாமலே நிக்கிறனோன்னு. தம்பிய கூட்டிட்டுப் போயி கரையில உக்கார வச்சு, நிக்கிறனான்னு பாருடான்னேன். நிக்கலக்கான்னு அவன் சொன்னான். அவன நம்பல. மாசம் பூரா அவனத் திட்டுனேன்.”

நிரலில் அந்த வரியை மாற்றிவிட்டேன், பொருந்தாத அசைவு வந்தால் இப்போது ‘தெரியவில்லை’ என்று வரும் என்று சொன்னேன். அந்தச் சொல் திரையில் தெரிந்தால் கருவி முட்டாள் மாதிரி இருக்கும் என்று முதலாளி அதை மறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். அதற்கு அவள் லேசாகச் சிரித்தாள்.

“இன்னும் நீஞ்சப் போறியா?” என்று கேட்டேன்.

“போறேன். முகாமுக்கு இல்ல. சும்மா.” மடிக்கணினியை மூடி என் பக்கம் தள்ளினாள். “ஆனா இனிமே இத கட்ட மாட்டேன்க்கா.”

“கட்டாத” என்றேன்.

தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினான். அவள் எழுந்துபோய் அவனுக்குச் சோறு போட்டாள். நான் ரவாங்குக்குத் திரும்பினேன்.