கீழே பார்த்தால் கால் போச்சு

பாராசூட்டில் குதிக்கிற வேலையில் குண்டடி பட்டவனைவிடக் கணுக்கால் ஒடிந்தவன்தான் அதிகம். நாலு பேர் முன்னால் விழுந்து கூசிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தத் தைரியத்தில் என்னுடையதைச் சொல்கிறேன்.

மைதானத்தில்

2008-இல் நான் பாராசூட் படையில் மருத்துவ உதவியாளன். தரை நெருங்கும்போது கீழே பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒரு கால் தானாக முன்னே நீளும், அதுதான் முதலில் ஒடியும். ஒடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம், கண் எங்கே இருந்தது என்று வாய் கிழியத் திட்டியிருக்கிறேன்.

ஒரு போர் ஒத்திகையில், எனக்கு முன்னால் குதித்த சிப்பாய் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பது மேலிருந்தே தெரிந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். என் வலது கணுக்கால் மளுக்கென்றது. கடைசியில் அவன்தான் தவழ்ந்து வந்து, என் பையைத் திறந்து, எனக்குக் கட்டுப் போட்டான். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓடிவந்த ஹவில்தார் ஸ்டீபன், களியக்காவிளைக்காரர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல வைத்தியம் பாக்க வந்த ஆளு எவம்லே?"

இரணியலில்

மறுபடி குதிக்க விடுவார்களா என்ற ஒரே கவலையோடு, மாவுக்கட்டுடன் ஊருக்கு வந்தேன். குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்று தெருவே கேட்டது. ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து, கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். குண்டே இல்லை, தரைதான் என்றேன். சித்தி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒனக்குக் குண்டு பட்டுன்னு சொல்லி சபை பூரா உபவாசம் இருந்தாச்சு மக்கா. இனி அதை மாத்தாத."

ஸ்டூலில்

அந்த ஞாயிறு காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். லீவு முடிந்து போனதும் ராணுவ ஆஸ்பத்திரியில் சோதனை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. டாக்டர் ஒரு ஸ்டூலைக் காட்டி, ஏறிக் குதிக்கச் சொன்னார். முழங்கால் உயரம்கூட இல்லை. நேரே பார், நேரே பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் குதித்தேன். கண் கீழே போய்விட்டது, வலது கால் முன்னே நீண்டது. இனிக் குதிக்க வேண்டாம் என்றார் டாக்டர். துணைக்கு வந்திருந்த ஸ்டீபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"எலும்பு ஒட்டிட்டு மக்கா. கண்ணுதான் இன்னும் ஒடிஞ்சு கெடக்கு."

அதன்பிறகு மைதானத்து ஓரம் ஆம்புலன்ஸில்தான் என் வேலை. கால் ஒடிந்து வருகிறவனிடம் கண் எங்கே இருந்தது என்று மட்டும் நான் கேட்பதில்லை.