கம்ப்யூட்டர் பெண்ணின் தொப்பை

ஆபீசில் அவளுக்கு ‘இஞ்ச் டேப்பு’ என்று பெயர். எதிரே ஒரு ஆள் வந்து நின்றால் போதும், இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துவிடுவாள். வேலை அப்படி. கம்ப்யூட்டருக்குள் எலும்பு, சதை, குடல் எல்லாம் வைத்து மனித உடம்பு செய்து, அதைக் காரில் உட்காரவைத்து, காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதவிட்டு, எங்கே என்ன உடைகிறது என்று பார்ப்பாள். நிஜத்தில் ஒரு கொசுவுக்குக்கூட அடிபடாது.

அந்த உடம்பு இத்தனை காலமும் ஆண் உடம்பு. பெண் வேண்டுமென்றால்? அதே ஆளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வார்கள். அட, வெந்நீரில் துவைத்த சட்டையா அது? இடுப்பெலும்பு வேறு, கழுத்து வேறு, பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவது வேறு. சீஃப் இன்ஜினியரின் உயிரை வாங்கி, நிஜப் பெண்களை வைத்தே புதிதாக ஒருத்தியைச் செய்ய அனுமதி வாங்கினாள்.

ஆபீஸ் பெண்கள், பக்கத்து வீட்டுக்காரி, சொந்த அண்ணி, கடைசியில் அவளே என்று எல்லோரும் கேமராக்களுக்கு நடுவே இருந்த சீட்டில் உட்கார்ந்து அளவு கொடுத்தார்கள். அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தவளுக்குத் தொப்பை என்பதே இல்லை. சீட் பெல்ட் இடுப்பெலும்பில் கச்சிதமாகப் படிந்தது.

சீஃபுக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா? பெல்ட் சரியாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிச்சிரலாம். எதையும் மாத்த வேணாம்.”

இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெல்ட் எலும்பை விட்டு ஏறி வயிற்றில் கிடந்தால், மோதும்போது குடலை நசுக்கிவிடும். வெள்ளிக்கிழமை தலையாட்டிவிட்டால் வரப்போகும் வண்டி அத்தனையிலும் இதே பெல்ட்தான். இப்படித் தொப்பையே இல்லாத வயிறு தனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒருத்தியும் தேறவில்லை. நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

“அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. அளவெடுக்கும்போது வயித்த உள்ள இழுத்துக்கிட்டீங்களா?”

“பின்ன? சுத்தி அத்தனை கேமரா நிக்குது, தள்ளிக்கிட்டு உக்காருவேனா? எனக்கென்ன பைத்தியமா? எல்லாரும்தான் இழுத்தோம். ஏண்டி, நீ மட்டும் யோக்கியமா?”

அவளும் யோக்கியம் இல்லை.

மறுநாள் எல்லோரையும் திரும்ப வரவழைத்து, “சாதாரணமா உக்காருங்க” என்றாள். அவ்வளவுதான், இன்னும் பலமாக இழுத்துக்கொண்டார்கள். சரி, இது வேலைக்காகாது என்று, “கேமரா பாட்டுக்கு ஓடட்டும், நீங்க பாட்டுக்குப் பேசுங்க” என்று அண்ணியைப் பேசவிட்டாள். தன் புருஷன் கார் ரிவர்ஸ் எடுக்கும் அழகை அண்ணி நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது ஒவ்வொரு வயிறும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் பெண்ணின் பெல்ட்டும் மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை சோதனைக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர், அத்தனையும் ஆண்கள். திரையைப் பார்த்து சீஃப் முகத்தைச் சுளித்தார்.

“என்னங்க இது? இப்படி யாரு உக்காருவாங்க? யாரு உடம்பு இது?”

இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து இவர்கள் முன்னால் ஒருதரம்கூட அவள் முழுசாக மூச்சு விட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போய்ச் சோதனை சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அது இடுப்பெலும்பில் சமர்த்தாகக் கிடந்தது.

“இது உங்க முன்னாடி உக்கார்றது சார்.”

பிறகு மூச்சை விட்டாள். பெல்ட் நகர்ந்து நகர்ந்து வயிற்றுக்கு வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

“இது வண்டில உக்கார்றது. மோதுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டிரலாமா சார்?”

சீஃப் கிட்டே வந்து பெல்ட் கிடந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“பெல்ட்டை மாட்டுற இடத்த கீழ இறக்கிருங்க” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்படியே அந்தப் பழைய ஆம்பள உடம்பையும் மறுபடி அளவெடுத்துருங்க” என்றார்.

“அது எதுக்கு சார்?”

“அன்னிக்கு அளவு கொடுக்க அந்த சீட்ல உக்காந்தது நாந்தான்.”