முடிவதற்குள் கைதட்டுகிறவர்

நான் வாசித்து முடிப்பதற்குள் கைதட்டிவிடுகிற ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். பிடிக்காமல் தட்டினால் ஒரு நாள் உட்கார வைத்துச் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். பிடித்துத்தான் தட்டுவார். "அருமையா இருந்துச்சு புள்ள" என்று மனசாரச் சொல்லிவிட்டு, எழுந்து டீ போடப் போய்விடுவார். எனக்கோ இன்னும் கடைசித் துணுக்கு பாக்கி இருக்கும். அதற்காகத்தான் நாள் கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பியானோ வாசித்துப் பிழைக்கிறேன் என்றால் கோத்தகிரி பக்கத்து எங்கள் ஊரான கட்டபெட்டில் இன்னும் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். "அதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?" என்பார்கள். தருகிறார்கள். ஞாயிறு காலை சர்ச், சீசனில் குன்னூர் ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டு ஹால், ஊட்டிப் பள்ளியில் வகுப்பு, நடுநடுவே கல்யாணங்கள். கிடைத்த இடைவெளியில் சொந்தமாக மெட்டமைப்பேன். குழந்தைகளுக்கு ஆடிப் பாடுகிற பாட்டு, பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு, ஒரு தடவை டீத்தூள் விளம்பரம்கூட.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. ஓட்டலில் சூப் குடிப்பார்கள். கல்யாணத்தில் பெண்ணின் புடவையைப் பார்ப்பார்கள். சர்ச்சில் வாசிப்பது ஆண்டவருக்காக. அவர் இதுவரை நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். டீ ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, பிரம்பு நாற்காலியில் கை கட்டி அமர்ந்துவிடுவார். எனக்கு ரசிகர் மன்றம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாற்காலிதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரம் மாறவில்லை.

எங்கள் பியானோ, ஏதோ ஒரு தோட்டத்து பங்களாவைக் காலி செய்தபோது வாங்கியது. இலை ஏற்றும் லாரியில் வந்தது. இந்த மலையில் மழை பிடித்தால் பியானோவின் கட்டைகள் ஊறிப்போகும், அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். இவர்தான் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை மாட்டி, அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டார். மழைக்காலம் முழுக்க அது எரியும். பக்கத்து வீட்டம்மா இடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொட்டிக்குள்ள கோழிக்குஞ்சு ஏதாச்சும் வளத்தறீங்களா?" என்று கேட்டார். இவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "ஆமாங்க, முட்டை போட்டதும் சொல்றேன்" என்றார்.

போன வருஷம் ஊட்டிப் பள்ளியில் புது ஹால் திறந்தார்கள். அதற்காக நானே ஒன்றை எழுதி வாசிக்கச் சொன்னார்கள். பாட்டுக்குத் துணையாக இல்லை, தனியாக என் பியானோ மட்டும். இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் கேட்டதே இல்லை. பனி விலகுகிற விடியற்காலையை எழுதினேன். அதன் கடைசியில் ஒரு கொண்டைக்குருவியை வைத்தேன்.

அந்தக் குருவிக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் எங்கள் பேரிக்காய் மரத்தில் விடிந்ததும் கொண்டைக்குருவிகள் கூவும். இவர் சமையலறை ஜன்னலோரம் நின்று, அந்தக் கூவலைத் தன் கட்டைக் குரலில் அப்படியே பாடி என்னை எழுப்புவார். எருமை குருவி வேஷம் போட்ட மாதிரி இருக்கும். சிரிப்பில்தான் கண் விழிப்பேன். அதைத்தான் பியானோவின் வலது கோடியில், கீச்சென்று ஒலிக்கிற கட்டைகளில் எழுதினேன். அது அவருக்காக என்று சொல்லவில்லை. இந்த வயதில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரே கேட்டு, "அடியே, இது நம்ம குருவிதான?" என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை.

வீட்டில் ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் குருவி வருவதற்குள் கைதட்டிவிட்டு எழுந்து போனார்.

"முழுசாக் கேட்டா என்னங்க கொறஞ்சா போயிரும்?"

"முழுசாத்தான கேட்டேன்?"

என்னைச் சீண்டுகிறார் என்றே நினைத்தேன். அதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

விழா அன்று இஸ்திரி போட்ட சட்டையும் நீல ஸ்வெட்டருமாக முன் வரிசையில் அமர்ந்திருந்தார். நன்றாகவே வாசித்தேன், சும்மா சொல்லக்கூடாது. பனி விலகியது. கையைத் தூக்கி வலது கோடிக்குக் கொண்டுபோனேன். முதல் கீச்சு ஒலித்ததுதான் தாமதம், படபடவென்று ஒற்றைக் கைதட்டல். பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று மொத்த ஹாலும் சேர்ந்து தட்டியது. அந்தச் சத்தத்துக்குள் என் குருவியை நான் மட்டும் வாசித்து முடித்தேன். எழுந்து கும்பிட்டபோது காது மடல் வரைக்கும் சுட்டது.

கோத்தகிரி பஸ்ஸில் சீட்டுக் கிடைத்ததும் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, எம் மானத்த வாங்கோணும்னே வந்தீங்களா? முடியறதுக்கு முன்னாடி எதுக்குத் தட்டுனீங்க?"

"முடிஞ்சப்பறந்தான புள்ள தட்டுனேன்?"

"எங்க முடிஞ்சுது? கடைசீல குருவி வருதுல்ல!"

"எந்தக் குருவி?"

"வலது கோடீல வாசிப்பேனே, அதுதான்!"

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவர் நிஜமாகவே யோசித்தார்.

"அதா? நீ கட்டையச் சும்மா தட்டிப் பாக்கறேன்னு நெனச்சேன். டொக்கு டொக்குன்னு மரச் சத்தந்தான வருது?"

 வீடு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் பியானோவைத் திறந்தேன். அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். "கேட்டாக் கையத் தூக்குங்க." இடது கோடியின் கனத்த ஒலியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உற்சாகமாகக் கையைத் தூக்கினார். நடுவைத் தாண்டினேன், தூக்கினார். இன்னும் கொஞ்சம் போனதும் கை பாதியிலேயே நின்றது. பிறகு எழும்பவே இல்லை. நான் ஓங்கி அழுத்தினேன்.

"அதுல சுரம் இல்ல புள்ள. மரந்தான் இருக்குது" என்றார்.

குருவி இருக்கிற இடம் அங்கிருந்து இன்னும் எவ்வளவோ தள்ளி இருந்தது.

ஆயுசு முழுக்க இலை அரைக்கிற மிஷின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சல் கீச்சென்ற ஒலிகளைத்தான் முதலில் தின்னுமாம்; கோயம்புத்தூர் டாக்டர் பிறகு சொன்னார். காதுக்கு மிஷின் வாங்கினோம். கடைத்தெருவுக்கும் பேங்குக்கும் அதைப் போட்டுக்கொள்வார். நான் பியானோ முன்னால் உட்கார்ந்தால் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். அதில் கேட்டால் என் வாசிப்பு தகர டப்பா மாதிரி இருக்கிறதாம்.

ஆனால் விழா அன்றைக்கு, சுவரைப் பார்த்து நின்றவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம மரத்துக் குருவி கத்தறது கேக்குதுங்களா?"

"குருவியெல்லாம் இப்ப எங்க புள்ள வருது? அதுக வந்து வருசமாச்சே."

அன்று காலையில்கூட ஜன்னலுக்கு வெளியே அவை தொண்டை கிழியக் கத்தின. இவர் அங்கேயே நின்று டீ ஆற்றினார். குருவிகள் ஊரைவிட்டே போய்விட்டன என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டு, எத்தனை காலமாக நின்றாரோ! எனக்கு அடக்க முடியவில்லை. கட்டைகள்மேல் கவிழ்ந்து, அவை தாறுமாறாக ஒலிக்க, விக்கி விக்கி அழுதேன்.

அவர் பதறிப்போய் முதுகைத் தடவினார். "அட, இதுக்கு எதுக்கு அழுவற? கீழ இத்தன கட்ட கெடக்குதுல்ல? அது பத்தாதா நமக்கு?"

அழுகை நின்ற பிறகு இடது பக்கத்தைப் பார்த்தேன். கிடக்கத்தான் செய்தது, எவ்வளவோ.

முடிவை மறுபடி எழுத உட்கார்ந்தேன். முதலில் குருவியை அப்படியே கீழே இறக்கினேன். சளி பிடித்த குருவி மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். காய்ச்சல் வந்தவள் மாதிரி வீட்டுக்குள் நடந்தேன், சாம்பாரைத் தீய விட்டேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டு ஜன்னலோரம் நின்றபோதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த குருவி மரத்தில் கூவியது இல்லையே, இந்த ஜன்னலோரம் கட்டைக் குரலில் கூவியதுதானே! குருவியை அதன் குரலில் எழுதியதுதான் தப்பு. அவர் குரலில் எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்த பிரதியில் பழைய முடிவையே எழுதிக் கொடுத்தேன். அங்கே இருப்பதெல்லாம் சின்னக் காதுகள், அவை கேட்கட்டும்.

அதற்குள் மழை பிடித்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் பெட்டியைத் திறந்து, நடுவில் இருந்த பல்பைக் கழற்றி இடது பக்கம் தள்ளி மாட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க மாத்தறீங்க?"

"நம்ம பக்கம் நல்லாக் காயட்டும்னுதான்."

வேலை முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். வாசித்தேன். பனி விலகியது. கை வலது பக்கம் போகாமல் இடது பக்கம் இறங்கியது. வலது காலால் பெடலை அழுத்திக்கொண்டேன். அதை விடாமல் அழுத்தியிருந்தால், கையை எடுத்த பிறகும் தந்திகள் முழங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்துத் தடித்த தந்திகள் லேசில் அடங்காது. கடைசிச் சுரத்தையும் வாசித்துக் கைகளை மடியில் வைத்தேன்.

கைதட்டலே இல்லை. மழைச் சத்தம்தான்.  இதுவும் கேட்கவில்லையா?

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"ஏனுங்க, முடிஞ்சுது. இப்பத் தட்டலாம்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"சித்த சும்மாரு புள்ள. நம்ம குருவி இன்னும் கூப்புடுது. காலை எடுத்துறாத."