யன்னலில் பெரியப்பா

ஊரை விட்டு வெளிநாடு வந்து, லின்ஃபீல்டில் நாங்கள் குடியிருந்த தெரு ஒரு முட்டுத்தெரு. உள்ளே வந்த கார் வட்டமடித்துத் திரும்பித்தான் போகவேண்டும். அந்தத் தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று என் வகுப்பு ரீச்சர் சொல்லும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு காலத்தில் அங்கே ஸ்ட்ராபெரித் தோட்டம் இருந்ததாம். பிறகு அதைத் துண்டு போட்டு வீடு கட்டினார்களாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியார், தான் கலியாணம் முடித்து வந்தபோது தெருவுக்குத் தார்கூடப் போடவில்லை என்றார். அவருக்குப் பிறகு சமோவாக்காரர் வந்தார்கள், சீனர் வந்தார்கள், கடைசியாக நாங்கள் வந்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரீச்சர் தந்த வேலைப்படி, ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவைப் பெரிய காகித மட்டையில் வரைந்து, தன் வீட்டு யன்னல்களில் அங்கே இருப்பவர்களின் படங்களை ஒட்டி, அடியில் தெருவின் மக்கள்தொகையை எழுதவேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கிழமை முழுக்கக் கண்காட்சி. மற்ற வீடுகளின் கணக்கு சுலபமாகக் கிடைத்துவிட்டது. இடறியது எங்கள் வீட்டுக் கணக்குத்தான்.

அப்பா, அம்மா, நான், பெரியம்மா. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. அம்மாவும் அப்பாவும் வேலைக்கு ஓடிய நாட்களில் என்னை வளர்த்தவர் அவர்தான். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லச் சொல்ல, சலிக்காமல் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருப்பார். இன்று இதை எழுதும் தமிழ் அவர் போட்ட பிச்சை. தினமும் காலையில் குளித்துவிட்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்து, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர்.

பெரியப்பா படமாக மட்டும் இருந்தார். ஊரில் சண்டை முடிந்த நாட்களில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று இராணுவம் சொன்னதை நம்பி ஒரு பஸ்ஸில் ஏறினார். பெரியம்மா கையசைத்து வழியனுப்பினார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தது என்றால், பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவுக்கு.

"பெரியப்பாவையும் சேர்க்கிறதோ?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"ஓம், பின்னே? அவரும் எங்கட வீட்டு ஆள்தானே. போடு பிள்ளை" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு படம் எடுத்துவந்தார். அவரைத் தேடித்தரச் சொல்லி எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களுக்கு அனுப்பியும் மிச்சமாக அவரிடம் ஒரு கட்டுப் படங்கள் இருந்தன.

எங்கள் வீட்டு மேல் யன்னலில் பெரியப்பாவை ஒட்டினேன். கறுப்பு வெள்ளையில், மற்றவர்களுக்குப் பக்கத்தில் பாவமாக இருந்தார். நாங்கள் போகிற தமிழர் வீடுகளில் எல்லாம் இப்படியான பழைய படங்களுக்கு மாலை போட்டிருப்பார்கள், சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு எரியும். எங்கள் வீட்டில்தான் பெரியப்பாவை யாருமே கவனிக்கவில்லை. அது எனக்கு நெடுநாளாக மனக்குறை. அடுத்த நாள் வகுப்பில் மெல்லிய மஞ்சள் ரிஷ்யூப் பேப்பரில் குட்டிக் குட்டிப் பூக்கள் செய்து, நூலில் கோத்து, அவர் படத்தைச் சுற்றி அழகாக ஒட்டினேன். ரீச்சர் எனக்கு ஒரு நட்சத்திர ஸ்ரிக்கர் தந்தார்.

வீட்டில் எல்லாரும் கண்காட்சியின் கடைசி நாளில் வருவதாக இருந்தது. அதற்குமுன், என்னோடு படித்த பிள்ளையின் தாய் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். மாலையைப் பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? நேரே கேட்டால் மனம் நோகும் என்று அவர் எங்களைக் கேட்கவில்லை, மற்ற எல்லாருக்கும் சொன்னார்.

கண்காட்சி முடியுமுன் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஏவன்டேல் சந்தையால் திரும்பி வந்து, பெரியம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால், வாசலில் வெள்ளைச் சேலையில் நாலைந்து அன்ரிமார். கையில் சோறும் மரக்கறியும் அடைத்த பாத்திரங்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

உள்ளிருந்து மீன் வாசம் வந்தது. பெரியம்மா நெற்றியில் பொட்டோடு நின்றார்.

மாலையைப் பார்த்த அந்தத் தாய்தான் மெல்லக் கேட்டார். "அக்கா, அண்ணையைப் பற்றித் தகவல் வந்திட்டுதெண்டு… பள்ளிக்கூடத்தில படத்துக்கு மாலை போட்டிருந்துது…"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று மட்டும் விளங்கியது.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தகவலும் வரேல்ல. பிள்ளை சும்மா வடிவுக்குப் போட்டிருக்கு" என்றார். பிறகு, "வாசல்ல நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ. மீன் பொரிக்கிறன், இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்குத் துணிவு வரும்? வெள்ளைச் சேலையோடு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்கள். பெரியம்மா ஒவ்வொரு தட்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். முள் கவனம் என்றார். அழுத சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அதைவிடத் துக்கமான சாப்பாட்டை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

எழுந்து புறப்பட்டவர்கள் வாசலில் மறுபடி தடுமாறினார்கள். செத்த வீட்டில் போய்ட்டு வாறம் என்று சொல்லக்கூடாது. பேசாமல் இறங்கவேண்டும். இது என்ன வீடு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார்.

"சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார் பெரியம்மா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

இறங்கியவர் திரும்பி மேலே ஏறிவந்தார். "போய்ட்டு வாறன் அக்கா." மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெரியம்மா ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார்.

கண்காட்சி முடிந்ததும் மட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைக் கிழித்துப்போடப் போனார் அம்மா. பெரியம்மா தடுத்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருவை வெகுநேரம் பார்த்தார். அடியில் பெரியப்பாவையும் சேர்த்து நான் எழுதியிருந்த மக்கள்தொகையை விரலால் தடவினார். அதை மாற்றச் சொல்லவில்லை. பிறகு பெரியப்பாவைச் சுற்றியிருந்த மாலையை, ஒரு பூவும் கிழியாமல் நகத்தால் கிளப்பி எடுத்தார்.

குப்பையில் போடப்போகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் போடவில்லை. அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலையை எடுத்து, அதன் மடிப்புக்குள் மாலையை வைத்துப் பூட்டினார். நெற்றிப் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

என் பூக்கள் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டன என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.